ஊரறிவிப்பும் குடியானவர் நலனும்
மீமிசல் கரையோரக் கிராமங்களை முன்னிட்டுச் சில குறிப்புகள்

நல்ல வித்தும், காலத்தில் பெய்யும் மழையும், கரை உறுதியான கண்மாயும் ஒரு கிராமத்திற்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமானது உரிய நாளில் வந்து சேரும் செய்தி. வித்துக் கெட்டால் மறுபடி விதைக்கலாம். கெடு கடந்தபின் வந்த அறிவிப்பினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இவ்வுண்மையை மீமிசலைப் போன்ற கடற்கரைக் கிராமங்கள் நன்கு அறியும்.

ஊரின் நிலைமை

மீமிசல் புதுக்கோட்டை ஜில்லா ஆவுடையார்கோயில் தாலூகாவில், பாக் நீரிணையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. அறந்தாங்கியைச் சார்ந்த இப்பிரதேசம் முன்னர்த் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்து, 1974-ம் வருஷத்தில் புதுக்கோட்டை தனி ஜில்லாவானபோது அதனுடன் சேர்ந்தது. இங்கே ஒரு புறம் உப்பளங்களும் மீன்பிடித் தொழிலும், மறு புறம் மழையை நம்பிய நெல் வயல்களும் உள்ளன. வடக்கே நாகுடி, மும்பாலை முதலிய இடங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடையாக இருக்க, ஆவுடையார்கோயில் பக்கத்து நிலங்களிற் பெரும்பகுதி கண்மாயையும் வானத்தையும் பார்த்தே நிற்கின்றன.

ஆகவே இவ்வூராருக்கு வேண்டிய செய்திகள் பல திறத்தன. உழுகிறவனுக்கு மழைக்குறிப்பும் பயிர்க் காப்பீட்டுக் கெடுவும் வேண்டும். கடைமடைக்காரனுக்குக் கால்வாயில் முறை விடும் நாள் தெரியவேண்டும். உப்பளக்காரன் நாலு நாள் முன்னதாகவே மழையை அறிந்தாற்றான் பாத்தியிலுள்ள உப்பை வாரிக் கரையேற்ற முடியும். கடலோடிக்குக் காற்றின் எச்சரிக்கை உயிரோடு ஒட்டியது. ஒரே மழைச் செய்தி ஒருவனுக்கு நற்செய்தியாகவும் அடுத்தவனுக்கு அபாயச் செய்தியாகவும் ஆகும் ஊரில், அறிவிப்பைப் பற்றி அசட்டையாயிருத்தல் தகாது.

சுவரும் தமுக்கும்

ஊராருக்கு உரியதை ஊரறியச் சொல்லவேண்டும் என்பது தமிழ் நாட்டிற்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்த உத்தரமேரூர்ச் சாசனங்கள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கற்சுவரில் வெட்டி வைத்தன. கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்திற்கு வரலாகாது என்ற விதியும் அவற்றுள் ஒன்று. விதியைச் சுவரில் பொறித்ததால் அதை மறைப்பதற்கோ மாற்றிச் சொல்லுவதற்கோ இடமில்லாமற் போயிற்று.

பிற்காலத்தில் தமுக்கே கிராமத்தின் செய்தித்தாளாக விளங்கிற்று. ஸ்தாவர சொத்தை ஜப்தி செய்யும்போது பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ பிரசித்தம் செய்யவேண்டுமென்று 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் விதித்தது. கிஸ்தி, ஜமாபந்தி, வாய்க்கால் மராமத்து, கால்நடைத் தடுப்பூசி ஆகிய எல்லாம் தண்டோரா மூலமே ஊருக்குத் தெரிந்தன. எழுத்தறியாதவனுக்கும் எட்டியது அம்முறையின் அனுகூலம். ஆனால் அவ்வேலையைத் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின்மேல் பரம்பரைச் சுமையாக ஏற்றி, இழிவும் சேர்த்துவைத்தது அதன் பெருங்குற்றம். 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படி கலெக்டர்களுக்கு எழுதினார். கிராம உத்தியோகஸ்தர்கள் இதை உள்ளபடி அனுசரிக்கவேண்டும். தமுக்கு நின்றது நியாயமே. ஆயினும் அது நின்ற இடத்தில் வேறொன்றும் வராமற் போனால், எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக் குடியானவனே முதலில் நஷ்டமடைவான்.

வானொலி காட்டிய வழி

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ம் வருஷத்தில் தொடங்கிற்று. 1960-களில் அதன் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சாவூர் ஜில்லாக் குடியானவர்கள் ஏ.டி.டி. 27 என்ற நெல்லை விரும்பிப் பயிரிட்டனர். அதற்கு 'வானொலி நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஒரு நெல் ரகத்திற்குச் செய்தி வந்த வழியின் பெயரே அமைந்தது கவனிக்கற்பாலது. நம்பத்தக்க இடத்திலிருந்து, விளங்கும் பாஷையில், விதைப்புக்கு முன்னதாகச் செய்தி வந்தால் குடியானவன் புதியதை ஏற்கத் தயங்குவதில்லை.

கடலிலிருந்து வரும் அபாயம்

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் ஓர் அறிவு மையம் ஏற்பட்டு, மீனவர்களுக்கு வேண்டிய செய்திகள் அங்கிருந்து ஒலிபெருக்கி மூலம் சொல்லப்பட்டு வந்தன. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த காலையில், சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவ்வூர் வாலிபர் ஒருவர் தொலைபேசியில் வீட்டாரை எச்சரித்தார். செய்தி மையத்தை எட்டியது, ஒலிபெருக்கி முழங்கிற்று, ஊரார் மேட்டை நோக்கி ஓடினர். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்ச்சேதம் நேரவில்லை. அன்று ஊரைக் காத்தவை ஒரு தொலைபேசிச் சொல்லும், அன்றாடம் உபயோகித்து வந்த ஓர் ஒலிபெருக்கியுமே. தினந்தோறும் வேலை செய்யும் கருவிதான் ஆபத்து நாளிலும் வேலை செய்யும்; பூட்டி வைத்த கருவி அன்றைக்கும் பூட்டியே கிடக்கும்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை ஜில்லாவையும் கடுமையாகத் தாக்கிற்று. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தமையால் கிராமங்கள் பல நாள் இருளில் இருந்தன. கைப்பேசிகள் மின்சாரமின்றி ஊமையாயின. கைப்பேசியில் வரும் செய்தி விரைவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை மாத்திரம் நம்பியிருத்தல் ஒற்றை மாட்டை நம்பி ஏர் பூட்டுவது போலாகும். மின்கலத்தால் இயங்கும் ஒலிபெருக்கியும், கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் ஆகியவற்றிலுள்ள ஒலிபெருக்கிகளும் துணையாக நிற்கவேண்டும். இத்தகைய சமயங்களில் மூன்று மதத்தாரும் ஒரே அறிவிப்பை ஒரே வாசகமாகச் சொல்லும்படி முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது நலம்.

வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. நிறத்தை மட்டும் சொன்னால் போதாது. 'சிவப்பு' என்றால் மாட்டை எங்கே கட்டுவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது, கண்மாய்க் கலுங்கை யார் கவனிப்பது என்பனவும் அதே மூச்சில் சொல்லப்படவேண்டும்.

காப்பீட்டுக் கெடு

2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. 2017-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி எல்லா ஜில்லாக்களும் வறட்சிக்குட்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அந்த 2016-ம் வருஷத்திலேதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பிரிமியம் கட்டியவன் ஈட்டுத்தொகை கேட்க உரிமை பெற்றான். கெடு தெரியாமல் இருந்தவன் கருகிய பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருடைய வயலும் ஒரே கண்மாயின் கீழ் இருந்திருக்கலாம்.

இத்திட்டத்தில் ராபிப் பருவ உணவு தானியங்களுக்குக் குடியானவன் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதமே. ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டவேண்டியது 450 ரூபாய். சம்பாப் பயிருக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவில் கெடு முடிகிறது; சில வருஷங்களில் நீட்டிப்பு உண்டாயினும் அதை நம்பிக் காத்திருத்தல் புத்தியன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் பெற்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பதிவு செய்யவேண்டும். புழுதியில் விதைத்து முளைப்புக்காக மழையை எதிர்நோக்கும் இப்பக்கத்தில், விதைப்புக்கும் கெடுவுக்கும் இடையேயுள்ள நாட்கள் சிலவே. ஆதலால் அடங்கல் கொடுக்கும் கிழமையையும் நேரத்தையும் புரட்டாசி மாதத்திலேயே ஊரறியச் சொல்லிவிடவேண்டும். கர்ணம் பதவிகள் 1980-ல் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபின், ஒருவரே பல வேலைகளைப் பார்க்க நேர்வதால், நாள் குறித்துச் சொல்லுதல் அவருக்கும் அனுகூலமே.

கிராம சபை

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடவேண்டுமென்பது தமிழக ஏற்பாடு. 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தாற்றான் கோரம் உண்டு. அறிவிப்புச் சரியாக இல்லாவிடில் கோரம் சேராது. அல்லது ஒரு தெருவார் மட்டுமே கூடி ஊர் முழுவதற்கும் தீர்மானம் செய்வர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவரும் அங்கத்தினரும் இல்லாத காலத்தில் வீட்டு வாயிலில் வந்து செய்தி சொல்லுவார் குறைவர். ஆகையால் எழுத்து மூலமான அறிவிப்பின் அவசியம் இருமடங்காகிறது.

செய்யத் தக்கவை

முதலாவது: ஊராட்சி அலுவலகம், நியாய விலைக் கடை, பேருந்து நிறுத்தம், மீன் இறங்கும் துறை ஆகிய நான்கிடங்களில் பலகை வைக்கவேண்டும். மழைத்துளி படாமல் கூரையும், படிக்கத்தக்க பெரிய எழுத்தும் வேண்டும்.

இரண்டாவது: ஒவ்வோர் அறிவிப்பிலும் ஒட்டிய தேதி, கெடுத் தேதி, யாருக்கு உரியது, எங்கே யாரைக் காண்பது என்ற நான்கும் இருத்தல்வேண்டும். கெடு முடிந்த தாளை மறுநாளே கிழித்துவிடவேண்டும். பழைய தாள்களின் நடுவே புதியது மறைந்துபோம்.

மூன்றாவது: ஒலிபெருக்கியில் சொல்வது எல்லாக் குடியிருப்புகளுக்கும் செல்லவேண்டும். பெரிய தெருவில் இரண்டு முறை சொல்லி, காலனியையும் குப்பத்தையும் விட்டுத் திரும்புதல் அறிவிப்பாகாது.

நான்காவது: குத்தகைக்குப் பயிரிடுவோரும், வெளிநாடு சென்றோரின் நிலத்தைப் பார்த்து வரும் பெண்களும் செய்தி பெறுகின்றனரா என்று மிராசுதாரர்கள் விசாரிக்கவேண்டும். நிலம் ஒருவர் பெயரிலும் உழைப்பு மற்றொருவர் கையிலும் இருக்கும் இடத்திலேதான் செய்தி தவறிப்போகிறது.

ஐந்தாவது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, ஜூன் 30-ல் பசலி முடிவு, அதற்கு முன் ஜமாபந்தி, நவம்பரில் காப்பீட்டுக் கெடு என வருஷந்தோறும் வருவனவற்றை ஒரே அட்டவணையாக எழுதி ஜூலை முதல் தேதியில் ஒட்டிவிடலாம்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்: நான்கு பலகையும், சில தாளும், நாளைத் தவறவிடாத ஒருவருடைய கவனமும் போதும். கெடுவுக்கு முன் ஒருவன் அடங்கல் பெற்றுப் பிரிமியம் கட்டிவிட்டான் என்றால், அல்லது புயலுக்கு முந்திய மாலையில் ஒரு படகு கரையேறிவிட்டது என்றால், அப்பலகைக்கு இட்ட மரத்தின் விலை தீர்ந்துவிட்டதென்று கொள்ளலாம். வரும் பருவத்திற்கு முன்பே கிராம உத்தியோகஸ்தர்களும் நிலக்காரர்களும் கூடி இவ்வேற்பாட்டைச் செய்துகொள்வார்களாக.