தீவகக் கடலில் படகும் சுழியோடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குத் தீவகம் என்று பெயர். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றைத் தாம்போதிகள் குடாநாட்டோடு இணைத்துவிட்டன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் இன்றுவரை படகுதான் வழி. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு மிகக் கிட்ட. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும்.

இந்தக் கடலின் தனிச்சிறப்பு அதன் ஆழமின்மை. பல இடங்களில் ஆழம் பத்து மீற்றரைத் தாண்டுவதில்லை. வெயில் அடித்தரைவரை இறங்குவதால் கடற்புல் பரந்து வளர்கிறது. கரையோரங்களில் முருகைக்கற் பாறைகள் உருவாகின்றன. நெடுந்தீவில் கால் வைப்பவர் முதலில் காண்பதும் இந்த முருகைக்கல்லைத்தான். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய வேலிகள் தீவு முழுவதும் ஓடுகின்றன. இடிந்து நிற்கும் பழைய கோட்டையும் அதே கல்லால் ஆனது.

கடலுக்குள் அந்தக் கல் உயிரோடிருக்கிறது. அதைக் கட்டும் பவள உயிரிகள் ஒவ்வொன்றும் மிகச் சிறியவை. தம் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் தயாரிக்கும் உணவை நம்பியே பெரும்பாலும் அவை வாழ்கின்றன. கடல் வழமையைவிட ஒரு பாகை சூடாகிச் சில வாரங்கள் நீடித்தாலே அந்தப் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப் பட்டினியில் கிடக்கும். குடாநாட்டைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைப் பற்றி 2021 இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 பவள இனங்களை மரபணுச் சோதனை மூலம் உறுதிசெய்தது. போர்க்காலத்தில் ஆய்வாளர் எட்டாத இந்தக் கடல் எவ்வளவு வளத்தை வைத்திருந்தது என்பதற்கு அந்த ஓர் எண்ணே போதும்.

நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேற்பரப்பில் குப்புற மிதந்தால் இந்த வளத்தில் பெரும்பகுதியைக் காணலாம். ஆழச் சுழியோடத் தேவையில்லை. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் 'கறுக் கறுக்' ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும். கடற்புல்லுக்குள் ஒரா மீன்கள் கூட்டமாய் மேயும். ஒரு புல்லிதழைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், வாலால் அதைச் சுற்றிப் பிடித்தபடி அசையாமல் நிற்கும் கடற்குதிரை கண்ணில் படக்கூடும். பச்சை ஆமையும், அரிதாகிவிட்ட கடற்பசுவும் வாழ்வது இந்தப் புல்லை நம்பித்தான்.

காலம் பார்த்துப் போகவேண்டிய கடல் இது. ஐப்பசி தொட்டு வாடைக்காற்றும் மழையும். வைகாசிக்குப் பிறகு சோளகம். இரண்டிலும் அலை எழும்பி நீர் கலங்கிவிடும். இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரையில்தான் கடல் அடங்கிக் கிடக்கும். எங்கே பாறை, எங்கே நீரோட்டம் என்பதை உள்ளூர் மீனவரே நன்கறிவர். அவர்களில்லாமல் அறியாத இடத்தில் இறங்குவது ஆபத்து.

ஆழமின்மை தந்த வளத்துக்கு ஆழமின்மையே பகையுமாகிறது. இழுவைமடி அடித்தரையைச் சுரண்டிக் கடற்புல்லை வேரோடு வாரிவிடுகிறது. இலங்கை 2017 இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகளால் வடபகுதி மீனவர் படும் பாடு தீரவில்லை. சுற்றுலாவும் தீங்கற்றதன்று. தெற்கே ஹிக்கடுவையில் பவளத்தின்மேல் நடந்த கால்களும் கண்ணாடிப் படகுகளும் செய்த சேதத்தின்மேல் 1998 இன் வெப்பமும் சேர்ந்து பெரும்பகுதியை அழித்தது. தீவகத்தில் அந்த நிலை வராமல் தடுக்க இன்னும் காலமிருக்கிறது. இங்கு வருவோர் பாறையில் கால் ஊன்றவேண்டாம். உயிருள்ள எதையும் கையோடு எடுத்துச் செல்லவேண்டாம். நங்கூரத்தை மணலில் மட்டும் போடும்படி படகோட்டியிடம் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.