வாய் மூடத் தெரிந்த திரை

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொடும் கார், ஒரு வினாடியில் 50 மீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டுநர் அரை வினாடி கண்ணைத் தாழ்த்தி டேஷ்போர்டைப் பார்த்தால் 25 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். பந்தயக் காரில் டிஜிட்டல் திரை மாட்ட நினைப்பவர் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

பழைய மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகவே தெரியும். மீட்டர்களைத் திருகித் திருப்பி, எஞ்சின் நலமாக ஓடும்போது எல்லா முள்ளும் 12 மணி பார்த்து நிற்கும்படி பொருத்துவார்கள். எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஒரு முள் சாய்ந்தால் ஓரக்கண்ணுக்கே தட்டுப்படும். சில டேக்கோமீட்டர்களில் இன்னொரு முள்ளும் உண்டு. எட்டிய உச்ச ஆர்பிஎம்மிலேயே அது நின்றுவிடும். வண்டி திரும்பியதும் முதலாளி அந்த முள்ளைப் பார்ப்பார், பிறகு ஓட்டுநரைப் பார்ப்பார். இன்றைய டேட்டா லாகருக்கு அதுதான் பாட்டன்.

இத்தாலியின் ஐம், ஆஸ்திரேலியாவின் மோட்டெக் என்று திரைகள் பல. மாட்டுவது பெரிய காரியமல்ல. உயிரை வாங்குவது வயரிங். 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் முறை வந்தபின் பாதிச் சுமை குறைந்தது. ஆர்பிஎம், தண்ணீர்ச் சூடு, த்ராட்டில் என்று எஞ்சினை ஆளும் கணினியான ஈசியு அறிந்ததெல்லாம் முறுக்கிய இரண்டு வயர்களில் திரைக்கு வந்துவிடும். அந்த வயர்களின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்து மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதையும் சேர்த்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் லேப்டாப்போடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியவர்கள் பலர். நானும் அந்தக் கூட்டம்தான்.

கார்பரேட்டர் வண்டியில் ஈசியு கிடையாது. இக்னிஷன் காயிலிலிருந்து துடிப்பை எடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நான்கு என்று பதித்துவிட்டால் 6000 ஆர்பிஎம் 3000 ஆகத் தெரியும். எஞ்சின் அலறும், திரை சாந்தமாக இருக்கும்.

ஆயில் பிரஷர்தான் உண்மையான சோதனை. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை சென்சார் 0 முதல் 10 பார் வரையிலான அழுத்தத்தை 0.5 முதல் 4.5 வோல்ட்டாக மாற்றித் தரும். எர்த்தில் 0.2 வோல்ட் பிசகினாலே அரை பார் பொய். ஆகவே சென்சாரின் எர்த்தைப் பாடியில் எங்கோ முடுக்காமல் திரைக்கே கொண்டுவர வேண்டும்.

அடுத்தது எச்சரிக்கை விளக்கு. ஐட்லிங்கில் 1 பார் இருந்தால் கவலையில்லை. 6000 ஆர்பிஎம்மில் 1 பார் என்றால் பேரிங்குகளுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். விளக்கை 1 பாருக்குக் கீழே எரிய வைத்தால், நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஓரத்துக்கு ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும்போது வாயைத் திறக்காது. 3 பாரில் வைத்தால் ஒவ்வொரு ஐட்லிங்குக்கும் சிவக்கும். ஓட்டுநர் அதை மதிக்காமலிருக்கப் பழகிவிடுவார். அதனால் 4000 ஆர்பிஎம்முக்கு மேலே போய், அழுத்தம் இரண்டரை பாருக்குக் கீழே இறங்கினால் மட்டும் எரி என்று இரண்டையும் முடிச்சுப்போட வேண்டும். எண்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கியர் மாற்றச் சொல்லும் விளக்கும் இப்படித்தான். முதல் கியரில் ஆர்பிஎம் பாய்ந்து ஏறும். கை போய்ச் சேர்வதற்குள் வரம்பு தாண்டிவிடும். நான்காவது கியரைவிட அங்கே சில நூறு சுற்று முன்பே எரிய வேண்டும்.

காசு கொடுத்து வாங்கியவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். பதினான்கு எண்களோடு தடத்தில் இறங்கிய ஒரு திரையை, நாலைந்து சுற்றில் பிட்டுக்கு வந்த ஓட்டுநர் கறுப்பு இன்சுலேஷன் டேப் கேட்டு வாங்கி மறைத்ததைப் பார்த்திருக்கிறேன். டேப்புக்கு வெளியே மிஞ்சியவை கியர் எண்ணும் முந்தைய சுற்றோடு ஒப்பிட்ட நேர வித்தியாசமும்.