ஈ துறந்த இறக்கை

இங்கிலாந்தில் அப்மின்ஸ்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம். தேவாலயக் கோபுரத்தில் நின்று, தொலைவில் சுட்ட துப்பாக்கியின் சத்தம் வந்துசேரும் நேரத்தைக்கொண்டு ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவர். படைப்பில் இறைவனின் கைவண்ணத்தைக் காட்ட அவர் எழுதிய நூல் 1713-இல் வெளிவந்தது. அதில் ஈக்கும் ஓர் இடம் உண்டு.

தேனீ, தும்பி, வண்ணத்துப்பூச்சிக்கெல்லாம் நான்கு இறக்கைகள். ஈக்கும் கொசுவுக்கும் இரண்டுதான். பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, நுனி பருத்த சிறு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். ஹால்டியர் என்பார்கள். அதை வெட்டினால் ஈ நிலைகுலைவதை டெர்ஹாம் கண்டார். (பக்திமானின் கை ஈயிடம் இரக்கம் காட்டவில்லை.) உடலைச் சமன்செய்யும் எடை அது என்று நினைத்தார்.

உண்மை அதைவிட நுட்பமானது. பழ ஈ நொடிக்குச் சுமார் 200 முறை இறக்கையடிக்கிறது. அடிக்கொரு முறை நரம்பு ஆணையிடுவதில்லை. பறக்கும் பெருந்தசைகள் இறக்கையோடு ஒட்டாமல் மார்புக்கூட்டை நெளித்து இறக்கையை அசைக்கின்றன. ஒரு தசை சுருங்க, எதிர்த்தசை இழுபடுகிறது. இழுபட்டதாலேயே அதுவும் சுருங்குகிறது. நரம்பு எப்போதாவது தூண்டினால் போதும்.

இந்த வேகத்தில் உடல் கொஞ்சம் சாய்ந்தாலும், கண் அதைக் கண்டு சொல்வதற்குள் காரியம் கெட்டுவிடும். அதற்குத்தான் ஹால்டியர். இறக்கை மேலே போகையில் அது கீழே, கீழே வருகையில் மேலே என அதே வேகத்தில் ஆடுகிறது. உடல் திரும்பினாலும் ஆடும் குமிழ் தன் பழைய தளத்திலேயே ஆடப் பார்க்கும். அதனால் காம்பு பக்கவாட்டில் மிக நுண்ணிய அளவு வளையும். அடியில் வரிசையாகப் பதிந்த உணர்விகள் அந்த வளைவை உணர்ந்து, இறக்கையைத் திருப்பும் சிறு தசைகளின் நரம்புக்கு நேரே செய்தி அனுப்புகின்றன. செய்தி கழுத்துக்கும் போகிறது, உடல் புரண்டாலும் பார்வை நிலைக்கிறது. 1948-இல் பிரிங்கிள் என்ற விலங்கியலாளர் இந்தச் சூட்சுமத்தை விரித்துக் காட்டினார். கைப்பேசிக்குள் இருக்கும் அதிர்வு கைரோஸ்கோப்புக்கும் இதுதான் தத்துவம்.

பறக்கும் உறுப்பில் பாதியைக் கழற்றி, அதையே உணரும் உறுப்பாக மாற்றிய அந்தக் கணக்கை எண்ணினால் கைகூப்பத் தோன்றுகிறது. ஒரு முறை மட்டும் போட்ட கணக்கும் அல்ல அது. தேனீ, குளவி போன்றவற்றின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வளரும் ஸ்ட்ரெப்சிப்டெரா என்றொரு பூச்சியினம் உண்டு. வெளியே வந்த ஆணுக்குச் சில மணி நேரமே ஆயுள். அதற்குள் துணையைத் தேடிப் பறக்கவேண்டிய அதற்கும் இதே குமிழ்க்குச்சிகள் இருக்கின்றன. ஆனால் அது துறந்தது பின்னிறக்கையை அல்ல, முன்னிறக்கையை.