மழையில் "மக்கர்" செய்யும் கார்! கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

கும்பகோணம்,

ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்கத் தெருவில் நின்ற கார், காலையில் கிளப்பினால் "டப்... டப்" என்று திணறுகிறதா?

"மிஸ்ஸிங் அடிக்குது சார்" என்பார்கள் டிரைவர்கள். நாலு சிலிண்டரில் ஒன்று "ஸ்டிரைக்" செய்கிறது என்று அர்த்தம்!

தஞ்சை பெரியாஸ்பத்திரிக்கு 40 கிலோ மீட்டர். அவசரத்துக்குப் பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு போகும்போது இப்படி ஆனால் என்ன கதி?

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அந்த மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் எதிரி ஈரம்

எஞ்சினை நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளும் வெளியும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரமோ, மயிரிழை விரிசலோ இருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். பாதி கேஸ் இதிலேயே தீர்ந்துவிடும்.

குற்றவாளி யார்?

தீரவில்லையா? எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆட்டம் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நல்லது. மாறுதலே இல்லையா? அதுதான் குற்றவாளி! இப்படியே நாலையும் பார்க்கவேண்டும்.

எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது ஒயரைத் தொடக்கூடாது. ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும்!

எஞ்சின் ஆறியபின், அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டர் பிளக்கோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக் போச்சு. மாறாவிட்டால் ஒயர். ஒயரும் சரி என்றால் வால்வோ, ரிங்கோ. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

பிளக் நுனி இளம் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் தேய்மானம்.

புதுக் காரா?

இந்த ஒயர் வேலையெல்லாம் அதில் வேண்டாம். "செக் எஞ்சின்" விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள கன்வர்ட்டரைக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும். ஸ்கேனரில் "பி0301" என்று வந்தால் முதல் சிலிண்டர், "பி0302" என்றால் இரண்டாவது.

டிக்கியில் ஒரு பிளக் ஸ்பானர், ஒரு உலர்ந்த துணி, ஸ்பேர் பிளக் ஒன்று. இவை இருந்தால், நடுராத்திரியில் பாபநாசம் தாண்டி நடுரோட்டில் நின்று தவிக்க வேண்டியதில்லை!