இடிபாடும் புதுச்சுவரும்

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகப் பெரிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறையாகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எனத் தொடரும் ஊர்களில் கடலையடுத்த வீடுகள் பல அத்திவாரம் மாத்திரம் எஞ்ச அழிந்தன. மாண்டோரை அடக்கஞ் செய்தபின் எஞ்சியோர் கண்முன் கிடந்தது கல்லும் மண்ணுங் கலந்த பெருங்குவியல். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையே வீட்டோடு வீடு நெருங்கிய ஊர்கள். அக்குவியலை எங்கே கொட்டுவது?

கொட்டாமலே பயன்கொள்ளலாம் என்பதற்குத் தென்னிலங்கை சான்றாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் காலியில் இடிபாடுகளை அரைத்து மீளப் பயன்படுத்தும் நிலையமொன்று அமைக்கப்பட்டது. இந்தியாவில் டில்லியின் புராரியில் 2009ஆம் ஆண்டு இத்தகைய ஆலை தொடங்கியது.

பழைய செங்கல்லைத் தட்டித் துடைத்து மீண்டும் அடுக்குவது நம் கொத்தர் அறிந்த தொழிலே. சுண்ணாம்புச் சாந்து எளிதில் உதிரும். சீமெந்துச் சாந்தோ கல்லை உடைத்துக்கொண்டே பெயரும். ஆகவே இக்கால இடிபாட்டை அரைத்தே ஆளவேண்டியுள்ளது. அரைத்த கொங்கிறீற்றில் பழஞ்சாந்து ஒட்டியிருத்தலால் அது புதுச்சல்லியினும் மிகுதியாக நீரை உறிஞ்சும்; செங்கற்றூளோ இன்னும் மிகுதியாக உறிஞ்சும். முன்கூட்டி நனையாது கலப்பின் சீமெந்துக்குரிய நீரை அவை கவர்ந்துவிடும்.

கடலோர இடிபாட்டுக்கு வேறொரு குறையுமுண்டு. அதிற் படிந்த உப்பு, கொங்கிறீற்றுள் இருக்கும் இரும்புக்கம்பியை அரித்து, துருவினாற் பருக்கச் செய்து, தூணைப் பிளக்கும். எனவே கழுவாத தூளைத் தூணுக்கோ வளைக்கோ இடுதல் தகாது. கம்பியில்லாச் சுவர்ப்பலகைக்கு அவ்வச்சம் இல்லை. உப்புப் பூத்தலைத் தடுக்கக் கழுவினாற் போதும். இதனாலேயே கல்முனை போன்ற கரையூர்களுக்குப் பலகை முறை சிறப்பாகப் பொருந்துகிறது.

இப்பலகையின் அமைப்பு எளியது. நார்ச்சீமெந்துத் தகடுகள் இரண்டின் நடுவே இலேசான கொங்கிறீற்று நிரப்பப்படும். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பொதிகளில் வரும் வெண்ணுரைப் பிளாஸ்ரிக்கின் கழிவையும் அந்நடுப்பகுதியிற் சேர்த்துக் காட்டினர். நுரைமணிகளுட் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அதனோடு சேரும் மணலுக்கு ஈடாக நொறுக்கிய செங்கல்லையும் கொங்கிறீற்றையும் ஓரளவு பயன்படுத்தலாம். துளைமிக்க செங்கற்றூளும் கனமான கல்லினும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். நடுப்பகலிற் காய்ந்த சுவர் இரவிலும் அனல் வீசும் ஊரில், மின்விசிறியின் உழைப்பு குறைவது சிறு பயனன்று. ஆற்றுமணலும் அந்த அளவுக்கு ஆற்றிலேயே தங்கும்.

ஆயினும் ஒன்றை அஞ்சவேண்டும். பழைய வீடுகளின் அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடு கல்லோடு சேர்ந்து அரைபடின், கண்ணுக்குப் புலனாகாத இழைகள் காற்றிற் பரந்து நுரையீரலிற் புற்றுநோயை விளைக்கும். நோய் வெளிப்படப் பல்லாண்டுகள் செல்லலாம். சிவிலிங்குப் பலகையின் ஜிப்சமும் சீமெந்தைப் பருக்கச் செய்து வெடிக்கவைக்கும். அரைத்தபின் இவற்றைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. மாடி கட்டுவதற்காகப் பழைய வீட்டை இடிப்போர் முதலில் கூரையை நனைத்து, தகடுகளை உடையாமற் கழற்றி, தனியே பொதிந்து வைக்கவேண்டும். சுவரிற் கைவைப்பது அதன் பின்னரே.