வி.பி.என். இணைப்பை நிறுத்தும் முறை



ஒரு கருவியை இயக்கக் கற்பவர் அதனை நிறுத்தவும் கற்றல் வேண்டும். மிதிவண்டி பழகும் சிறுவனுக்கு மிதிக்கக் கற்றுத் தருமுன்பே பிரேக் இருக்குமிடத்தைக் காட்டிவிடுகிறோம். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் நாம் நிறுவிக்கொள்ளும் செயலிகளைப் பொறுத்தமட்டில் இந்த ஒழுங்கு பின்பற்றப்படுவதில்லை. வி.பி.என். என்பது அத்தகைய செயலிகளுள் ஒன்று. அதனைத் தொடங்குவதற்கு ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். நிறுத்துவதற்கும் அதே பொத்தான் போதும் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் பாதியளவே உண்மை. எஞ்சிய பாதியை இன்று உங்களுக்கு விளக்கக் கருதுகிறேன்.

வி.பி.என். என்பதனைத் தமிழில் மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்பர். பெயர் நீண்டதாயினும் பொருள் எளியதே. அஞ்சல் முறையிலிருந்து ஓர் உவமை கூறுவேன். மதுரையில் வாழும் நீங்கள் சென்னையிலுள்ள நண்பருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். அதனை ஓர் உறையிலிட்டு, அவ்வுறையை வேறொரு பெரிய உறைக்குள் வைத்து, சிங்கப்பூரிலுள்ள ஓர் இடையாளுக்கு அனுப்புகிறீர்கள். அவர் வெளியுறையை நீக்கி, உள்ளுறையின்மீது தம் முகவரியையே அனுப்புநர் முகவரியாக எழுதிச் சென்னைக்கு அனுப்பிவைக்கிறார். இப்பொழுது உங்கள் ஊர் அஞ்சற்காரருக்கு இடையாளின் முகவரி தெரியுமேயன்றிக் கடிதம் இறுதியில் யாரைச் சேர்கிறது என்பது தெரியாது. சென்னை நண்பரோ கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்ததாகவே கருதுவார். ஆனால் அந்த இடையாளுக்கு, அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்னும் இரண்டுமே தெரியும்.

இவ்வுவமையில் அஞ்சற்காரர் என்றது உங்களுக்கு இணையத் தொடர்பு தரும் நிறுவனத்தை. பெரிய உறை என்றது செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றியமைக்கும் மறைகுறியாக்கத்தை. இடையாள் என்றது வி.பி.என். நிறுவனத்தின் சர்வரை. முகவரி என்றது ஒவ்வோர் இணைப்பிற்கும் உரிய ஐ.பி. எண்ணை. இந்நான்கையும் நினைவில் இருத்திக்கொண்டால், பின்னே நான் கூறப்போவன யாவும் தெளிவாக விளங்கும்.

இவ்வமைப்பு தீயதன்று. தொலைவிலுள்ள பணியாளர் தம் அலுவலக வலையமைப்பில் பாதுகாப்பாக நுழையும் பொருட்டு 1990-களில் இது வளர்ச்சியுற்றது. இன்றும் அலுவலகப் பணியாளர் பலர் வீட்டிலிருந்தே பணிபுரிய இது துணைசெய்கிறது. தம் நூலகத்திற்கென வாங்கப்பட்ட ஆய்விதழ்களை மாணவர் விடுதியிலிருந்தும் படிக்குமாறு இதன்வழியே வாயில் திறந்துவைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

அங்ஙனமாயின், இதனை நிறுத்தவேண்டிய தேவை யாது என்று நீங்கள் கேட்கலாம். முதலாவது காரணம் வேகம். சென்னையிலுள்ள ஒரு தளத்தை மதுரையிலிருந்து காண விரும்புபவரின் செய்தி அமெரிக்காவிலுள்ள சர்வர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வருமாயின், காலத்தாழ்வு நேர்வது இயல்பு. இரண்டாவது காரணம் முகவரி மாற்றம். வங்கிகளும் அரசுத் தளங்கள் சிலவும் அயல்நாட்டு ஐ.பி. எண்ணிலிருந்து வருவோரை ஐயுற்று உள்ளே விடாமல் நிறுத்திவிடுவதுண்டு. மூன்றாவது காரணம், வீட்டிலுள்ள அச்சுப்பொறி போன்ற கருவிகளைக் கணிப்பொறி சில வேளைகளில் காணமுடியாமற் போதல். நான்காவதும் தலையாயதுமான காரணம், அந்த இடையாள் நம்பிக்கைக்கு உரியவர்தாமா என்னும் ஐயம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்தி, உதவித்தொகை விண்ணப்பத்திற்குரிய கடைசி நாள் மாலையில் கைப்பேசியுடன் என்னிடம் வந்தாள். “தாத்தா, அந்தத் தளமே பழுதாகிவிட்டது போலிருக்கிறது, காலையிலிருந்து திறக்கவில்லை” என்றாள். திரையின் மேற்புறத்தில் சிறிய சாவி வடிவம் ஒன்று தென்பட்டது. “இஃது என்ன, அம்மா?” என்று கேட்டேன். “திரைப்படம் பார்ப்பதற்காக அண்ணன் போட்டுக்கொடுத்த வி.பி.என்., தாத்தா. அதை அன்றைக்கே நிறுத்திவிட்டேனே!” என்றாள். அவள் கூறியது உண்மையே. செயலியில் நிறுத்தத்தான் செய்திருந்தாள். ஆயினும், எப்பொழுதும் இணைந்திருக்குமாறு அமைப்புகளில் யாரோ ஒரு கட்டளை இட்டு வைத்திருந்தமையால், கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கியபொழுதெல்லாம் அது தானே இணைந்துகொண்டது. அக்கட்டளையை நீக்கியதும் தளம் திறந்தது. இரவு பத்து மணிக்குள் விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள். ஓராண்டுப் படிப்புச் செலவு ஒரு சிறு சாவி வடிவத்தில் சிக்கிக் கிடந்தது என்பதனை அவள் பெற்றோர் நெடுநேரம் நம்பவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நிறுத்துதல் என்பது மூன்று படிகளை உடையது. இப்பொழுதுள்ள இணைப்பைத் துண்டித்தல் முதற்படி. அது தானே மீண்டும் இணையாதவாறு தடுத்தல் இரண்டாம் படி. இனித் தேவையில்லை எனின் முற்றிலும் நீக்குதல் மூன்றாம் படி. இம்மூன்றையும் ஒவ்வொரு கருவியிலும் செய்யும் முறையை இனிக் காண்போம்.

முதலில் ஆண்ட்ராய்டு கைப்பேசி. செயலியைத் திறந்து ‘டிஸ்கனெக்ட்’ என்னும் பொத்தானைத் தொடுக. சாவி வடிவம் மறைந்ததா என்று பார்க்க. பின்னர் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ என்பதனுள் ‘விபிஎன்’ என்னும் வரியைக் காணலாம். சாம்சங் கைப்பேசிகளில் இது ‘கனெக்ஷன்ஸ்’ என்பதனுள் ‘மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ்’ என்னுமிடத்தில் இருக்கும். அங்கே செயலியின் பெயரருகே உள்ள பற்சக்கர வடிவத்தைத் தொட்டால் இரண்டு கட்டளைகள் தோன்றும். ‘ஆல்வேஸ் ஆன் விபிஎன்’ என்பது எப்பொழுதும் இணைந்திருக்கச் செய்வது. ‘பிளாக் கனெக்ஷன்ஸ் வித்அவுட் விபிஎன்’ என்பது வி.பி.என். இல்லாதபொழுது இணையத்தையே தடுத்துவிடுவது. இவ்விரண்டையும் அணைத்தல் வேண்டும். இரண்டாவதை அணைக்க மறந்தோர், வி.பி.என். நின்றதும் இணையமே நின்றுவிட்டது கண்டு திகைப்பர். இறுதியாக, தேவையற்ற செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடலாம்.

ஐபோனில் ‘செட்டிங்ஸ்’ பகுதியுள் ‘ஜெனரல்’ என்பதனைத் திறந்து, ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ என்னுமிடத்திற்குச் செல்க. அங்கு ‘விபிஎன்’ என்பதனுள் இணைப்பை அணைக்கலாம். அது மீண்டும் தானே உயிர்பெறுமாயின், இணைப்பின் பெயரருகே வட்டத்துள் உள்ள ‘ஐ’ எழுத்தைத் தொட்டு, ‘கனெக்ட் ஆன் டிமாண்ட்’ என்பதனை அணைக்க வேண்டும். தேவைப்படும்பொழுது தானே இணைவதற்கான கட்டளை அதுவே.

விண்டோஸ் கணிப்பொறியில் ‘செட்டிங்ஸ்’ பகுதியுள் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, அதனுள் ‘விபிஎன்’ என்று செல்லின் இணைப்புகளின் பெயர்கள் தோன்றும். துண்டிப்பதற்கு ‘டிஸ்கனெக்ட்’, அழிப்பதற்கு ‘ரிமூவ்’ என்னும் பொத்தான்கள் அங்கேயே உள்ளன. ஆனால் தனிச் செயலியாக நிறுவப்பட்டவை இப்பட்டியலில் தோன்றாமலும் இருக்கலாம். அவற்றிற்குத் திரையின் கீழ் வலப்புறம், கடிகாரத்தின் அருகே உள்ள சிறு வடிவங்களிடையே தேடுக. கணிப்பொறி தொடங்கும்பொழுதே தானும் தொடங்குமாறு அச்செயலி அமைந்திருப்பின், ‘டாஸ்க் மேனேஜர்’ என்பதனுள் தொடக்கச் செயலிகளின் பட்டியலில் அதனை முடக்கலாம். மாக் கணிப்பொறியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பகுதியுள் ‘நெட்வொர்க்’ என்பதனுள்ளே வி.பி.என். இணைப்புகளைக் காணலாம்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டும். வி.பி.என். சில வேளைகளில் உலாவியினுள்ளேயே நீட்சி என்னும் சிறு இணைப்பு நிரலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பொழுது கணிப்பொறியின் அமைப்புகளில் எத்துணைத் தேடினும் அது கிடைக்காது. உலாவியின் நீட்சிகள் பட்டியலில்தான் அதனை அணைக்க வேண்டும். மற்றொன்று, சில செயலிகளில் ‘கில் சுவிட்ச்’ என்னும் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. வி.பி.என். அறுந்தால் செய்தி வெளிப்படாதவாறு இணையத்தை அடைத்துவிடுவது அதன் வேலை. ஆதலின் செயலியை நீக்குமுன், அதனுள்ளே சென்று இந்த ஏற்பாட்டை முதலில் அணைத்தல் வேண்டும்.

நிறுத்தியாயிற்று என்பதனை எவ்வாறு உறுதிசெய்வது? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வது போன்றே செய்யலாம். வி.பி.என். இயங்கும்பொழுது, உங்கள் ஐ.பி. எண்ணைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, எண்ணையும் நாட்டின் பெயரையும் குறித்துக்கொள்க. நிறுத்தியபின் அதே தளத்தை மீண்டும் திறந்து பார்க்க. எண் மாறி, உங்கள் நாட்டின் பெயர் தோன்றுமாயின் இணைப்பு நின்றது எனலாம். கருவியை ஒருமுறை அணைத்து, மீண்டும் இயக்கி, மூன்றாம் முறையும் பார்த்தால் அது தானே இணைகிறதா என்பதும் விளங்கிவிடும்.

இனி, இடையாளின் நம்பகத்தன்மையைக் கருதுவோம். 2016-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தாரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான 283 வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 18 விழுக்காடு செய்தியை மறைகுறியாக்கமே செய்யவில்லை. 38 விழுக்காட்டில் தீநிரல் இருப்பதற்கான அறிகுறிகள் காணப்பட்டன. பெரிய உறையில் இடுவதாகக் கூறி, அஞ்சலட்டையாகவே அனுப்பிவைத்த இடையாள்கள் இவர்கள்.

இதனினும் கொடிய நிகழ்ச்சி ஒன்று 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்டது. ‘911 எஸ்5’ என்று பெயர்பெற்ற ஒரு குற்ற வலையமைப்பை முறியடித்ததாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், ஷைன் விபிஎன் முதலிய பெயர்களில் இலவசமாக வழங்கப்பட்ட செயலிகளின் வாயிலாக அது பரவியிருந்தது. அவற்றை நிறுவிக்கொண்டோரின் விண்டோஸ் கணிப்பொறிகள், அவர்கள் அறியாமலே குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஐ.பி. எண்கள் இவ்வாறு அகப்பட்டிருந்தன. மோசடி செய்தவன் ஒருவன். முகவரியோ ஏதுமறியாத வேறொருவருடையது. தம் முகவரியை மறைத்துக்கொள்ள விரும்பியவர்களின் முகவரியே களவுபோயிற்று.

அப்பொழுது எஃப்.பி.ஐ. என்னும் அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் நம் பாடத்திற்கு மிகவும் பொருத்தமானது. இணைப்பை அணைத்துவிட்டால் போதும் என்று அது கூறவில்லை. அச்செயலி மறைவாக இயங்குகிறதா என்று ‘டாஸ்க் மேனேஜர்’ வழியாகப் பார்க்கவும், இருப்பின் நீக்கவும், நீக்கியபின் அதன் கோப்புறை எஞ்சியிருக்கிறதா என்று தேடவும் அது மக்களுக்கு அறிவுறுத்தியது. நம்பத்தகாத இடையாளைப் பொறுத்தவரை முதலிரு படிகள் போதா. மூன்றாம் படியாகிய நீக்கமே பாதுகாப்பு.

ஆயினும், கண்ட இடத்திலெல்லாம் வி.பி.என்.ஐ அணைத்துவிடுக என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. கல்லூரியோ அலுவலகமோ தந்த கருவியில் அமைந்துள்ள இணைப்பை, அதனைப் பொறுப்பேற்று நடத்துவோரைக் கேளாமல் நிறுத்துதல் தகாது. அவ்விணைப்பு அவர்களுடைய வலையமைப்பின் கதவு. இரயில் நிலையம் போன்ற பொதுவிடங்களின் வைஃபையில் இருக்கும்பொழுதும், நம்பத்தகுந்த வி.பி.என். உடையோர் அதனை இயக்கியே வைத்திருக்கலாம். நாம் செல்லும் தளங்கள் பலவும் இக்காலத்தில் தாமே மறைகுறியாக்கம் செய்கின்றன. எனினும், நாம் எத்தளங்களுக்குச் செல்கிறோம் என்பதனை அவ்விடத்து வலையமைப்பினர் காணாதவாறு அது மறைக்கும்.

மாணவ நண்பர்களே, இன்றிரவு உங்கள் கைப்பேசியின் வி.பி.என். பட்டியலைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் பற்றி, இதனை நிறுவியவர் யார், எதற்காக நிறுவினார், நடத்தும் நிறுவனம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவற்றைத் தேவையறிந்து இயக்குங்கள். தேவை முடிந்ததும் நிறுத்துங்கள். விடை தெரியாதவற்றை நீக்கிவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியோரின் கைப்பேசிகளையும் அவர்கள் இசைவு பெற்று இவ்வாறே பார்த்துக்கொடுங்கள். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ போட்டுவைத்த செயலிகள் பல அவர்களிடம் இருக்கும். அவற்றை நிறுத்தும் வழியை அவர்களுக்குக் கற்றுத்தர உங்களையன்றி அவ்வீட்டில் வேறு ஆசிரியர் இலர்.