ஜியன்ட்4 இல் பொருள் அழிப்பு

பொருள் அழிப்பு என்பது, ஒரு நிரல் தான் உருவாக்கிய பொருளின் பயன் முடிந்ததும் அதனை நீக்கி, அது பிடித்திருந்த நினைவகத்தை விடுவிப்பதாகும். 1998 இல் வெளியான ஜியன்ட்4 மென்பொருள், துகள்கள் பருப்பொருளினூடாகச் செல்வதை உருவகப்படுத்துகிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமைக்கத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் இரும்புக் கலோரிமானி இதனைக் கொண்டே கணினியில் ஆராயப்பட்டது.

அழிக்கும் உரிமை

ஜியன்ட்4 எழுதப்பட்டுள்ள சி++ மொழி, பயனற்ற பொருட்களைத் தானாகத் தேடி அழிப்பதில்லை. ஆகவே உருவாக்கியவரே அழிக்கவேண்டும் என்பது பொது வழக்கம். இங்கு அது மாறுபடுகிறது. கருவியின் அமைப்பு, இயற்பியல் பட்டியல், பயனர் செயல்கள் ஆகியவற்றைப் பயனரே உருவாக்கினாலும், ஓட்ட மேலாளர் எனப்படும் முதன்மைப் பொருளிடம் ஒப்படைத்தபின் அவை அதன் உடைமையாகின்றன. நிரலின் முடிவில் ஓட்ட மேலாளரை மட்டும் அழித்தால் போதும். மற்றவற்றையும் பயனர் அழித்தால் ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்பட்டு நிரல் முறிந்துவிடக்கூடும். ஓர் இரும்புத் தகட்டின் வரையறையை ஒருமுறை எழுதிப் பல அடுக்குகளில் வைக்கலாம் என்பதால், அவ்வரையறையை அழிப்பது எல்லா அடுக்குகளையும் சிதைக்கும்.

நினைவகக் கசிவு

துகள்களின் தடங்கள் பின்தொடரப்பட்டு முடிந்ததும் தாமாக அழிக்கப்படுகின்றன. அவற்றின் நினைவகம் இயங்குதளத்துக்குத் திரும்பாமல் அடுத்த தடங்களுக்கு மீளப் பயன்படுகிறது. எனவே நினைவகப் பயன்பாடு குறையாமல் நிற்பது கசிவன்று; தொடர்ந்து உயர்வதே கசிவின் அறிகுறி. பயனர் நிகழ்வுதோறும் உருவாக்கும் சொந்தப் பொருளை அழிக்க மறந்தால், ஒரு நிகழ்வுக்கு 1 கிலோபைட்டு வீதம் 10 லட்சம் நிகழ்வுகளில் ஏறத்தாழ 1 கிகாபைட்டு வீணாகும். சில நூறு நிகழ்வுகள் கொண்ட சோதனை ஓட்டத்தில் இப்பிழை பெரும்பாலும் தென்படாது. நீண்ட கணிப்பின் நடுவில்தான் தெரியவரும்.